பண்ணைச் சுவரும் நம் சுவரும்

(திருத்தணியில் நடைபெற்ற படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்வூர் மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கொன்றாக அமைந்தவை என்பர். ஆடிக் கிருத்திகை நாளில், தோளிலே காவடியும் நெற்றியிலே வியர்வையுமாக மக்கள் அந்தப் படிகளில் ஏறிச் செல்லும் காட்சியைச் சிறுவனாக நின்று கண்டிருக்கிறேன். கால் கடுக்கும், ஆயினும் ஏறுவர். மலையைப் பற்றிப் பேச நான் இன்று வரவில்லை. அடிவாரத்தில், கடைத்தெருவின் ஓரத்தில், ஓட்டுக் கூரையின் கீழே நாம் நடத்திவருகிற இந்தப் படிப்பகத்தைப் பற்றிப் பேச வந்தேன். இதற்கும் படி உண்டு. ஒரே ஒரு படி. அது கல்லிலே செதுக்கிய படியன்று. தமிழ் நமக்கு இடுகிற கட்டளை — படி! 365 படிகளுக்கு அஞ்சாத ஊரிலே, இந்த ஒரு 'படி'க்குத்தான் ஆள் குறைவு!

கல்லூரிப் படியைப் பாதியிலே விட்டு இறங்கி வந்தவன் நான். பட்டம் பெறாதவன். ஆனாலும் நாலு பேர் நடுவே நின்று பேசவும், நாடகம் என்று பெயரிட்டு நாலு காட்சி எழுதவும் முடிகிறதென்றால், இதுபோன்ற படிப்பகங்களின் பெஞ்சுகள் எனக்குத் தந்த பிச்சை அது. அந்த நன்றியோடு பேசுகிறேன். நன்றியுள்ளவன் நல்லதை மட்டும் பேசவேண்டும் என்பதில்லை அல்லவா? சில கசப்பையும் கலந்தே பேசப்போகிறேன். பொறுத்தருள்க!

சென்ற திங்கள் இங்கு வந்திருந்தேன். இளந்தோழர் ஒருவர் மெல்லிய நூலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜார்ஜ் ஆர்வெல் எழுதியது; க.நா.சு. தமிழில் தந்த 'விலங்குப் பண்ணை.' என்னைப் பார்த்ததும் கேட்டார்: "அண்ணே, இது யாரைத் தாக்குகிற கதை? நம்மவர்களையா? மற்றவர்களையா?"

வண்டிக்கு நேரமாகிவிட்டது, அன்று விடை கூறாமல் போய்விட்டேன். அரக்கோணம் வரும்வரை அந்தக் கேள்வி என் எதிர் இருக்கையிலே அமர்ந்து வந்தது. இன்று விடை கூறுகிறேன்.

கதை சிறியது. ஒரு பண்ணை. குடிகாரப் பண்ணையாரின் கொடுமை தாங்காமல் விலங்குகள் ஒன்று திரண்டு அவனை விரட்டிவிடுகின்றன. இனி நமக்கு நாமே அரசர் என்று மகிழ்கின்றன. ஏழு சட்டங்களைக் கொட்டகைச் சுவரிலே பெரிய எழுத்தில் தீட்டி வைக்கின்றன. படிக்கத் தெரிந்தவை பன்றிகள். ஆகவே தலைமை பன்றிகளிடம் போகிறது. நாட்கள் செல்லச் செல்லப் பன்றிகள் பண்ணையாரின் வீட்டிலே குடியேறுகின்றன. அவனது கட்டிலிலே உறங்குகின்றன. அவன் குடித்த மதுவையே குடிக்கின்றன. சட்டம் தடுக்கவில்லையா? இரவோடு இரவாக ஏணி வைத்து, சுவரிலிருந்த சட்டத்தில் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள்! காலையில் வந்து பார்க்கிற மற்ற விலங்குகள், "முன்பு இப்படியா இருந்தது?" என்று ஐயுறுகின்றன. நினைவு மங்கலாக இருக்கிறது. எழுத்தோ சுவரில் தெளிவாக இருக்கிறது. என்ன செய்யும் பாவம்! தலை கவிழ்ந்து வேலைக்குப் போகின்றன.

ஸ்டாலின் காலத்துச் சோவியத் ஆட்சியைக் கண்முன் வைத்து எழுதிய கதை அது. 1944இல் எழுதி முடித்தார் ஆர்வெல். போர்க்காலத்து நேச நாட்டைப் புண்படுத்தலாகாது என்று எண்ணிப் பதிப்பாளர் பலர் கைவிரித்தனர். 1945 ஆகஸ்டில்தான் நூல் வெளிவந்தது. வந்தபின் விற்ற விற்பனையோ சொல்லி முடியாது! பனிப்போர் நாட்களில் ஒரு முகாம் அதைக் கையிலேந்தி மறுமுகாமை அடித்தது. அதனால், ஆர்வெல் ஏதோ முதலாளிகளின் கூலி என்று கருதிவிடாதீர்கள். நம் நாட்டு மோத்திஹாரியில் 1903இல் பிறந்தவர், பர்மாவிலே வெள்ளையரின் காவல்துறையில் பணிபுரிந்து, அந்த ஆட்சியின் அழுக்கை அருகிலிருந்து கண்டு வெறுத்து வெளியேறியவர், 1937இல் ஸ்பெயினின் குடியரசைக் காக்கும் களத்திலே கழுத்தில் குண்டடிபட்டவர், சமதர்மத்தை விரும்பியவர். பகைவனைப் பழிக்க அவர் அந்தக் கதையை எழுதவில்லை. தாம் நம்பிய கொள்கையின் பெயரால் நடந்த கேட்டைக் கண்டு நெஞ்சு கொதித்து எழுதினார்.

இளந்தோழரே! இது யாரைத் தாக்குகிற கதை என்று கேட்டீர். பண்ணையாரை விரட்டியவர் எவரோ, அவர் எல்லோருக்கும் உரிய கதை இது. நாமும் ஒரு பண்ணையாரை விரட்டியவர்கள்தாமே? ஆகவே நமக்கும் உரிய கதை!

"நம் சுவரில் என்ன மாறிற்று?" என்று கேட்பீர்கள். கூறுகிறேன். அதற்குமுன், நாம் ஏடும் எழுத்துமாகப் பட்ட பாட்டைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

1910. புதுவையிலே அடைக்கலம் புகுந்திருந்த பாரதி ஒரு சிறுகதை நூல் வெளியிட்டார்: 'ஆறில் ஒரு பங்கு.' இந்நாட்டு மக்களில் ஆறில் ஒரு பங்கினரைத் தீண்டத்தகாதவர் என ஒதுக்கி வைத்துவிட்டு விடுதலை பேசுவது எப்படி என்று கேட்கிற கதை. 1911இல் சென்னை அரசு அந்நூலையும் அவரது 'கனவு' என்னும் நூலையும் தடை செய்தது. தாழ்த்தப்பட்டோரைக் கைதூக்கிவிடச் சொன்ன கதை அரசைக் கவிழ்க்கும் கதையாகத் தென்பட்டதாம்! கவிஞர் பத்திரிகையிலே மடல் எழுதி முறையிட்டார்; அரசு செவி சாய்க்கவில்லை. அவர் மறைந்தபின் 1928இல் அவரது பாடல் நூல்களைக் காவலர் கட்டுக் கட்டாக அள்ளிச் சென்றனர். 1949இல் என்ன நடந்தது? அதே சென்னை அரசு அந்தக் கவிஞரின் படைப்புகளை நாட்டின் உடைமை என்றது! அள்ளிச் சென்ற கையே ஆரத்தழுவிற்று. இடையிலே மாறியது என்ன? நூலா? ஒரு வரி மாறவில்லை. நாற்காலியில் இருந்தவர் மாறினார், அவ்வளவே.

1933. 'குடி அரசு' ஏட்டின் அக்டோபர் 29ஆம் நாள் இதழ். 'இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?' என்ற தலைப்பிலே பெரியார் ஒரு தலையங்கம் தீட்டினார். சுற்றிவளைத்தல் இல்லை, உவமை இல்லை, உருவகம் இல்லை. ஒரு தனி அதிகாரியைச் சாடவில்லை. ஆட்சி முறையையே கூண்டிலேற்றினார். விடுவார்களா? இந்திய தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவு பாய்ந்தது. எழுதிய அவருக்கு ஒன்பது மாதச் சிறை, 300 ரூபாய் தண்டம். ஏட்டை வெளியிட்ட குற்றத்துக்காக அவர் தங்கை கண்ணம்மாளுக்கு மூன்று மாதச் சிறை, 300 ரூபாய் தண்டம். எழுதியவர் ஆண், வெளியிட்டவர் பெண். அண்ணனும் தங்கையும் ஒரு தலையங்கத்துக்காகச் சிறை புகுந்த வரலாறு இது! தாய்மார்களே, கண்ணம்மாளின் பெயரை நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்; ஒரு கையின் விரல்களே மிஞ்சும்!

'குடி அரசு' நின்றது, 'புரட்சி' வந்தது. 'புரட்சி' நின்றது, 'பகுத்தறிவு' வந்தது. பெயர் மாறிற்று, பேச்சு மாறவில்லை. ஏட்டுக்குப் பூட்டுப் போடலாம். எண்ணத்துக்குச் சாவி வேறிடத்திலே இருக்கிறது என்பதை அன்றைய அரசு அறியவில்லை.

1950. வெள்ளையன் போய்விட்டான், கொள்ளை நாடு நமதாகிவிட்டது என்று கூறப்பட்ட காலம். 'ஆரிய மாயை' எழுதியதற்காக அறிஞர் அண்ணாவைத் திருச்சி நீதிமன்றத்திலே நிறுத்தினர். 700 ரூபாய் தண்டம். கட்ட மறுத்தால் ஆறு மாதச் சிறை. கட்ட மறுத்தார், சிறை சென்றார். 17 ஆண்டுகள் உருண்டன. 1967 மார்ச் 6ஆம் நாள், அதே மனிதர் இந்த மாநிலத்தின் முதலமைச்சராகப் பதவியேற்றார்!

அதே 1950இலே இன்னொன்றும் நடந்தது. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற கிழமை இதழ் நம் மாநிலத்துக்குள் நுழையக்கூடாது என்று சென்னை அரசு தடை விதித்தது. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். மே 26ஆம் நாள் நீதிமன்றம் தடையைச் செல்லாததாக்கியது. மகிழ்ந்தோம். மகிழ்ச்சி ஓராண்டு நீடித்தது. 1951இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 'பொது ஒழுங்கு' முதலிய காரணங்களுக்காகப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று எழுதப்பட்டது. ஆர்வெலின் பண்ணையிலே என்ன செய்தார்கள்? இருந்த சட்டத்தை அழிக்கவில்லை. ஒரு சொல்லைச் சேர்த்தார்கள்! இங்கும் ஏணி வந்தது. வண்ணக் குடுவை வந்தது. சில சொற்கள் சேர்ந்தன.

இவை அனைத்தும் பிறர் நமக்குச் செய்தவை. இவற்றைக் கூறும்போது நீங்கள் கைதட்டினீர்கள். இனி நான் கூறப்போவதற்குக் கைதட்டு வேண்டா, கவனம் போதும்.

1876இல் வெள்ளையர் அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. வங்கத்து நாடக மேடைகளிலே வெள்ளை ஆட்சி நகைப்புக்குள்ளானதைப் பொறுக்காமல் வந்த சட்டம் அது. விடுதலைக்குப்பின் அது சாகும் என்று நினைத்தோம். 1954இல் அதன் தம்பி பிறந்தான்: சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம்! ஊர்தோறும் நாடகம் போட்டே வளர்ந்த இயக்கத்தின் வாயை அடைக்கவே அந்தச் சட்டம் என்று அன்று பேசாதவர் இல்லை. நடிகவேள் எம்.ஆர். ராதா எத்தனை தடைகளைச் சந்தித்தார் என்பதை ஊர் அறியும்.

அந்தச் சட்டம் பிறந்தபோது, தோழர்களே, உங்கள் ஊர் அதன் எல்லைக்குள் இல்லை! 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திரம் தனி மாநிலமானபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம.பொ.சி. முதலியோர் போராடினர், இவ்வட்டாரத்து மக்கள் சிறை சென்றனர், படாஸ்கர் நடுவராக வந்தார், 1959இல் சட்டம் இயற்றப்பட்டது, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி நம்முடன் இணைந்தது. தமிழ் என்ற தாயின் மடிக்கு மகிழ்ச்சியோடு ஓடி வந்தீர்கள். அந்தத் தாய் வீட்டின் சுவரிலே, நாடகம் போடுவதானால் காவலரைக் கேள் என்றும் எழுதியிருந்தது!

1967 வந்தது. ஆட்சி மாறியது. நாடகம் எழுதியவர்கள் கோட்டையிலே அமர்ந்தார்கள். நாடகத்திலே நடித்தவர்களும் அமர்ந்தார்கள். இனி இந்தச் சட்டம் ஒரு நாளாவது உயிரோடிருக்குமா என்றே எவரும் எண்ணியிருப்பர். இருந்தது, தோழர்களே! ஒரு நாள் அன்று, ஓராண்டு அன்று, 46 ஆண்டுகள்! அரசுகள் மாறின; சட்டம் மாறவில்லை. சென்னையிலே நாடகம் போட விழைவோர் நாடகப் பிரதியைக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்புதலுக்குக் காத்துக் கிடக்கும் வழக்கம் இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 2013 சனவரியில் அதன் உயிர்நிலையான பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் வெட்டி வீழ்த்தியது. வழக்குத் தொடுத்தவர் பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி. நம்மைப் புகழ்ந்து எழுதியவர் அல்லர்; பல நேரங்களில் நம்மைக் குத்திக் காட்டியவர். நாம் சட்டமன்றத்தில் ஒரே நாளில் செய்திருக்கவேண்டிய வேலையை, அவர் நீதிமன்றப் படியேறிச் செய்து முடித்தார்.

ஏன் நீக்கவில்லை நாம்? கொடுமனம் கொண்டா? அப்படி நான் கூறேன். மறதியா? இருக்கலாம். ஆனால் எதிர்க்கட்சியில் இருப்பவனுக்கு அந்த மறதி வருவதில்லை. ஆளுங்கட்சியில் இருப்பவனுக்கு மட்டுமே வருகிறது. பூட்டு நம் வாசலில் தொங்கும்போது அது கொடுமையாகத் தெரிகிறது. சாவி நம் இடுப்பில் தொங்கும்போது அது பாதுகாப்பாகத் தெரிகிறது!

இன்னுமொரு சான்று. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்றொரு திரைப்படம் வந்தது. இடஒதுக்கீட்டு முறையைக் குறைகூறிய படம். நம் உயிர்க் கொள்கையையே சீண்டிய படம். எனக்கும் அதன் கருத்து அடியோடு பிடிக்காது. அதற்கான தணிக்கைச் சான்றிதழை உயர்நீதிமன்றம் நீக்கியது. 1989இல் உச்ச நீதிமன்றம் படத்தைத் திரையிடலாம் என்றது. படத்தைத் திரையிட்டால் கலவரம் மூளும் என்று மாநில அரசு எடுத்துரைத்த அச்சத்தை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. மிரட்டலை அடக்குவது அரசின் கடமை, மிரட்டலைக் காட்டிப் பேச்சை அடக்குவது கடமையாகாது என்பது தீர்ப்பின் சாரம். அன்று நம்மிலே பலருக்கு வருத்தம். நான் கேட்கிறேன்: அந்தப் படத்தால் இடஒதுக்கீடு போய்விட்டதா? 69 விழுக்காடு இன்றும் நிற்கிறது. மறுப்பதற்கு நம்மிடம் வாதம் இருக்கிறது. வாதம் இருப்பவனுக்குப் பூட்டு எதற்கு?

"இப்படியெல்லாம் பேசினால் எதிரி கைதட்டுவானே!" — இந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. பழகிய குரல். இதே குரலைக் கேட்டு நான் செய்த ஒரு பிழையை உங்கள்முன் ஒப்புக்கொள்ளவே இவ்வளவு தூரம் வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடகம் எழுதினேன். ஊர் பெயர் வேண்டா. ஆள் பெயர் வேண்டா. அதிலே ஒரு காட்சி: முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதி எடுத்துக்கொண்டு ஒரு கிழவி, நம் கட்சிக்காரர் ஒருவரின் வீட்டுத் திண்ணையிலே காத்திருப்பாள். உள்ளே தலைவர்களின் படங்களுக்கு மாலை சூட்டுகிறார்கள். சமூக நீதி பற்றிப் பேச்சு நடக்கிறது. கிழவி உட்கார்ந்தே இருப்பாள். பொழுது சாயும். யாரும் அவளைப் பார்க்கமாட்டார்கள். அவ்வளவுதான் காட்சி.

ஒத்திகை பார்க்க வந்த மூத்த தோழர் ஒருவர், அன்பானவர்தான், என் தோளில் கைபோட்டுக்கொண்டு கூறினார்: "தம்பி, காட்சி உருக்கமாக இருக்கிறது. ஆனால் தேர்தல் நேரம். எதிரி கைதட்டுவான். எடுத்துவிடு."

எந்தச் சட்டமும் என்னை மிரட்டவில்லை. எந்தக் காவலரும் பிரதியைக் கேட்கவில்லை. சிறை இல்லை; தண்டம் இல்லை. நானே எடுத்துவிட்டேன்! பெரியாரும் கண்ணம்மாளும் ஒரு தலையங்கத்துக்காகச் சிறை சென்றார்கள் என்று மேடைதோறும் முழங்குகிற நான், தோளில் விழுந்த ஓர் அன்பான கைக்கே பணிந்துவிட்டேன். அந்தக் கிழவி வேடத்துக்கு வந்திருந்த அம்மையார், பேருந்தில் வரும்போதெல்லாம் வசனம் மனப்பாடம் செய்தவர். காட்சி இல்லை என்றதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நரைக்குப் பூசிய மாவைத் துடைத்துக்கொண்டு, கூலியை வாங்கிக்கொண்டு, கடைசிப் பேருந்துக்குப் போய்விட்டார். நாடகம் முடிந்தது, கைதட்டல் வானைப் பிளந்தது. அத்தனை கைதட்டலிலும் எனக்குக் கேட்டது ஏணி சாய்கிற ஓசைதான். அன்று இரவு சுவரில் ஏறியவன் நானே!

ஆர்வெலின் கதையிலே ஒரு குதிரை வரும். பாக்சர் என்று பெயர். உடல் வலிமை மிக்கது; உள்ளம் வெள்ளை. எந்தத் தொல்லை வந்தாலும் இன்னும் கூடுதலாக உழைத்தால் தீர்ந்துவிடும் என்று நம்பும்; தலைமை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும். பண்ணை முழுவதையும் தன் முதுகிலே தாங்கும். முதுமை வந்து விழுந்தபோது, மருத்துவமனைக்கு என்று கூறி, இறைச்சிக்கூடத்து வண்டியிலே அதை ஏற்றி அனுப்புவார்கள். வண்டியின் பக்கத்திலே எழுதியிருந்ததை அதனால் படிக்க இயலவில்லை. எழுத்தறிந்த கழுதை ஒன்று படித்துச் சொல்லும்போது, வண்டி புறப்பட்டுவிட்டது!

தோழர்களே! தோரணம் கட்டுகிறவர் நீங்கள். சுவரொட்டி ஒட்டுகிறவர் நீங்கள். வாக்குச் சாவடியிலே காலை முதல் மாலை வரை பசியோடு அமர்ந்திருப்பவர் நீங்கள். உங்கள் முதுகின்மேல்தான் இயக்கம் நிற்கிறது. உங்களைப் பாக்சர்களாக இருக்கச் சொல்லுகிற எவரும் உங்களுக்கு நண்பர் அல்லர். உழையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. உழைப்போடு படியுங்கள். வண்டியின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். பிறர் படித்துச் சொல்லக் காத்திராதீர்கள்!

இன்றும் ஏணிகள் சாய்த்து வைக்கப்பட்டே இருக்கின்றன. பெரியார்மேல் பாய்ந்த 124அ பிரிவை 2022 மே 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 சூலை முதல் நாள் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலே 152ஆம் பிரிவாக, வேறு சொற்களை உடுத்து, வாழ்நாள் சிறை வரை தரும் வலிமையோடு அதன் வழித்தோன்றல் நிற்கிறது. ஒன்றிய அரசின் அந்தப் பிரிவை நாம் எதிர்க்கிறோம், எதிர்க்கவே வேண்டும். ஆனால் அதை எதிர்க்கும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்? நம்மைச் சாடும் நூலை நாம் நம் அலமாரியிலே வைக்கும்போது வரும். நம்மைக் கேலி செய்யும் நாடகத்தை முன்வரிசையில் அமர்ந்து பார்க்கும்போது வரும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று, இந்தப் படிப்பகத்திலே ஓர் அலமாரித் தட்டை ஒதுக்குங்கள். அதிலே நம்மைக் குறைகூறுகிற நூல்களை மட்டும் அடுக்குங்கள். திங்களுக்கு ஒரு நூலை எடுத்து, படித்து, இதே இடத்தில் அமர்ந்து மறுத்துப் பேசுங்கள். மறுக்க இயலாதவை சில இருக்கும். அவற்றைக் குறித்து வைத்து மாவட்ட மாநாட்டுக்குக் கொண்டு வாருங்கள். அவை பகைவனின் அம்புகளல்ல, மருத்துவனின் குறிப்புகள்.

இரண்டாவது, என் சொந்தக் கடன். நான் வெட்டிய அந்தக் காட்சியை மீண்டும் எழுதி வைத்திருக்கிறேன். படிப்பகத் தோழர்கள் இசைவு தந்துவிட்டார்கள். அடுத்த திங்கள், இதே முற்றத்தில், இதே விளக்கொளியில் அது நடிக்கப்படும். அந்த அம்மையாரைத் தேடிப் பிடித்துவிட்டேன்; வசனம் இன்னும் நினைவிருக்கிறது என்றார். என் தோளில் கைபோட்ட அந்த மூத்த தோழரையும் அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்றார். அவருக்கு முன்வரிசையிலே இருக்கை போடுங்கள். எதிரியும் வரட்டும். கைதட்டுவானானால் தட்டட்டும்! அவன் கைதட்டுகிற நேரத்தில், நம்மவர் ஒருவர் எழுந்துபோய், உண்மையான ஒரு திண்ணையிலே காத்திருக்கிற உண்மையான ஒரு கிழவியின் மனுவை வாங்கிப் படித்தால் போதும். என் கடன் தீரும்.

மலைக்கு 365 படிகள். நமக்கு ஒரே ஒரு படி.

படி, தோழனே, படி!